சரீரப் பிணைக்கு ஆள் தேடும் தம்பிக்கு

தம்பி, கனடாவுக்கு வந்து ஏழு மாதம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்காபரோவில் உங்களோடு ஒரே நிலக்கீழ் வீட்டில் இருக்கும் பெரியம்மாவின் மகனை, அறைத் தோழரோடு அடிபட்டதற்காக நேற்று இரவு பொலிஸார் கொண்டுபோய்விட்டார்கள். அவர் மாணவர் விசாவில் வந்தவர். பிணைக்கு எவ்வளவு காசு கட்ட வேண்டும், 5,000 டொலர் முன்பணம் கேட்கும் சட்டத்தரணியை உடனே பிடிக்க வேண்டுமா, 1,500 டொலர் தந்தால் பிணை நிற்பதாகச் சொல்லும் ஒருவரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். நீங்களும் உள்ளே போகக்கூடிய வழி அதில்தான் இருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு பிணை நிற்பது இங்கே குற்றம். பிணையாளி கட்டணம் வாங்கக் கூடாது. "நட்டம் வந்தால் நாங்கள் தருகிறோம்" என்று அவருக்கு வாக்குக் கொடுக்கவும் கூடாது. குற்றவியல் சட்டத்தின் 139ஆவது பிரிவு இரண்டையும் நீதிக்கு இடையூறு செய்வதாகவே பார்க்கிறது. அமெரிக்காவில் பிணைக்காசு கட்டுவதற்கென்றே கடை நடத்துகிறவர்கள் உண்டு, கனடாவில் அந்தத் தொழிலே இல்லை. அந்த ஆளின் தொலைபேசி எண்ணை அழித்துவிடுங்கள்.

இனிக் காசுக் கணக்கு. ஊரில் காசுப் பிணை, சரீரப் பிணை என்று இரண்டும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே பெரும்பாலும் நடப்பது சரீரப் பிணைக்குக் கிட்டியது. பிணையாளி ஒரு தொகைக்குப் பொறுப்பேற்கிறார். அன்றைக்குக் கையில் இருந்து எதுவும் போகாது. நிபந்தனையை மீறினால்தான் அந்தத் தொகையை அரசு கேட்கலாம். பொறுப்பேற்க ஆளோ சொத்தோ இருக்கும்போது காசைக் கட்டச் சொல்லக் கூடாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2017இல் அன்ரிக் வழக்கில் தெளிவாகச் சொன்னது. பிணையாளி இல்லாமலே, வெறும் வாக்குறுதியில் விடுவதுதான் சட்டப்படி முதல் படி. அதற்கு மேலே ஒவ்வொரு படியும் ஏன் தேவை என்பதை அரசுத் தரப்புத்தான் காட்ட வேண்டும். சில குற்றச்சாட்டுகளில் மட்டும் இது தலைகீழாகும்.

சட்டத்தரணி விஷயத்தில் இன்றைக்கே 5,000 டொலருக்குக் கடன் வாங்காதீர்கள். பிணை நீதிமன்றத்தில் டியூட்டி கவுன்சல் என்று அரச உதவிச் சட்டத்தரணி இருப்பார். மாகாணத்தின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் ஒன்ராறியோ சம்பளம் கொடுக்கிறது, உங்கள் பெரியம்மாவின் மகன் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. இலவசம் என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே சந்தேகம் வரும். ஆனால் அவர்களுக்கு நாள் முழுவதும் பிணைதான் வேலை. நேற்று இரவே நிலையத்தில் இருந்து தொலைபேசியில் அப்படி ஒருவரோடு பேசும் உரிமை அவருக்கு இருந்தது. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்பதும் உரிமை. சலுகை கேட்பதுபோலக் கூச்சப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் அவரிடம் எப்படியாவது சேர்ப்பியுங்கள். விசாரணை அறைக்குள் சட்டத்தரணி பக்கத்தில் வந்து உட்கார மாட்டார், கனடாவில் அந்த உரிமை கிடையாது. அதனால் பெயர், முகவரிக்கு மேல் அவர் வாய் திறக்கத் தேவையில்லை. பொலிஸோடு பேசியே ஆளைச் சமாதானப்படுத்திவிடலாம் என்ற ஊர்ப்பழக்கம் இங்கே கெடுதல்தான் செய்யும். தடுப்பு நிலையத்தில் இருந்து உங்களுக்கு அழைத்தாலும் சண்டையைப் பற்றிப் பேச விடாதீர்கள், அந்த அழைப்புகள் பதிவாகலாம்.

கைதாகி 24 மணி நேரத்துக்குள் அவரைச் சமாதான நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும். வார இறுதியிலும் அதற்கு நீதிமன்றம் உண்டு. ஆனால் நிறுத்துவது வேறு, பிணை கிடைப்பது வேறு. அவர் சம்மதிக்காவிட்டாலும் அரச வழக்குரைஞர் முழுதாக மூன்று நாள் வரை தவணை கேட்கலாம். பிணையாளி தயாராக இல்லாததாலேயே நாட்கள் இழுபடுவதும் உண்டு. பெரியம்மாவிடம் இதை முதலே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மணிக்கொரு தடவை அழைத்து உங்களையும் ஒரு வழியாக்கிவிடுவார்.

நீங்களே பிணை நிற்கலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். சண்டையைப் பார்த்தவர் நீங்கள், பொலிஸுக்கு வாக்குமூலமும் கொடுத்திருக்கிறீர்கள். சாட்சி பிணையாளியாக நிற்பது சரிவராது. விடுதலை கிடைத்தாலும் அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது, அறைத் தோழரோடு பேசக் கூடாது என்று நிபந்தனை வரும் என்றே எதிர்பாருங்கள். பேசக் கூடாதவர்கள் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கலாம். ஆகவே தனி வீடும், கவனித்துக்கொள்ள நேரமும், குற்றப் பதிவு இல்லாத பெயரும் உள்ள ஒருவர் வேண்டும். மார்க்கம் நகரில் மாமா இருக்கிறார் என்றீர்களே, அவரைக் கேளுங்கள். ஆனால் எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்பது அவருக்கு முதலே விளங்க வேண்டும்.

நான் அக்காவின் மகனுக்குப் பிணை நின்றது 2011இல், எக்ளிண்டன் வீதி கிழக்கில் அப்போது இருந்த ஸ்காபரோ நீதிமன்றத்தில். கோட்டும் சூட்டும் போட்டு, வங்கிக் கணக்குத் தாள்களை அடுக்கிக்கொண்டு போனேன். அவற்றை ஒரு நிமிடம்தான் பார்த்தார்கள். பிறகு அரச வழக்குரைஞர் கேட்டார்: "இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டில் இல்லை என்றால் முதலில் யாருக்கு அழைப்பீர்கள்?" நான் யோசிக்காமல் "அக்காவுக்கு" என்றேன். அந்த வழக்குரைஞர் அம்மா தலை நிமிராமல் ஏதோ எழுதினார். நீதவான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதே கேள்வியை மெதுவாக மறுபடி கேட்டார். அப்போதுதான் உறைத்தது. "பொலிஸுக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, உரக்கச் சொல்லச் சொன்னார்கள். பின்வரிசையில் அக்கா இருந்தாள்.

5,000 டொலருக்குப் பொறுப்பேற்றேன், ஒரு டொலரும் கட்டவில்லை. ஒன்பது மாதம் அவன் எங்கள் வீட்டில் இருந்தான். ஒரு பெப்ரவரி இரவு பனி கொட்டி பஸ் எல்லாம் தாமதம். எட்டரையில் இருந்து சப்பாத்தும் கோட்டும் போட்டபடி, கையில் தொலைபேசியோடு யன்னலில் நின்றேன். எட்டு ஐம்பத்தேழுக்கு வந்து சேர்ந்தான். ஒன்பது தாண்டியிருந்தால் அழைத்திருப்பேனா என்று மனைவி கேட்டாள். இன்றுவரை அவளுக்குப் பதில் சொல்லவில்லை. மாமாவுக்கு இந்தச் சுமை முடியாமல் போனால், பிறகும் நீதிமன்றத்தில் கேட்டு விலகலாம். ஆனால் வேறு ஆள் கிடைக்காவிட்டால் பையன் திரும்ப உள்ளே போவான்.

விசா விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். "குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று யாராவது சொன்னால் அவர் சும்மா தலையாட்டிவிடக் கூடாது. சாதாரண அடிதடிக் குற்றம்கூட, தீர்ப்பானால் மாணவர் விசாக்காரரைக் கனடாவில் இருக்கத் தகுதியற்றவராக்கப் போதும். லேசான முறையிலோ கடுமையான முறையிலோ வழக்குத் தொடரக்கூடிய குற்றத்தைக் குடிவரவுச் சட்டம் கடுமையான முறையில் தொடர்ந்ததாகவே எண்ணும். ஆயுதம் என்ற சொல் குற்றப்பத்திரத்தில் வந்தால் நிரந்தர வதிவிடம் உள்ளவருக்கே ஆபத்து. குற்றத் தீர்ப்புப் பதியாமல் விடுவிக்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பிணை முடிந்த பிறகு, குற்றவியலும் குடிவரவும் இரண்டும் பார்க்கக்கூடிய சட்டத்தரணிக்காக வாங்குங்கள்.

மாமா போகும்போது அடையாள அட்டையும், முகவரி காட்டும் ஒரு கடிதமும், வேலைச் சம்பளத் தாளும் எடுத்துப் போகட்டும். நேரில் வர வேண்டுமா, காணொளியில் போதுமா என்று முதலே டியூட்டி கவுன்சலிடம் கேட்கட்டும். அன்றைக்கு வேலைக்கு முழு விடுமுறை போடச் சொல்லுங்கள், பெயர் கூப்பிட மாலையாகலாம். பெரியம்மா சொன்னார் என்று சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போக வேண்டாம், உள்ளே கொடுக்க விடமாட்டார்கள்.