மகள் ஏன் மைதானத்துக்கு வர மறுக்கிறாள்? ஒரு பி.டி. டீச்சரின் பதில்கள்

வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் 22 வருடம் கபடியும் பளுதூக்குதலும் சொல்லிக்கொடுத்தவள் நான். வந்த கேள்விகளில் சில.

ஒன்பதாவது படிக்கும் மகள் திடீரென்று கபடி வேண்டாம் என்கிறாள். சோம்பலா டீச்சர்? (ஒரு அம்மா, குடியாத்தம்)

சோம்பல் இல்லைம்மா. கூட ஆடிய தோழி யாராவது நின்றுவிட்டாளா என்று முதலில் விசாரியுங்கள். ஒருத்தி நின்றால் பின்னாலேயே மூன்று பேர் நிற்பார்கள். அப்புறம் மாதவிலக்கு. ஒரு வருடம் எங்கள் அணிக்கு வெள்ளை ஷார்ட்ஸ் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு எந்தப் பெண் நிம்மதியாக ஆடுவாள்? கருநீலத்துக்கு மாற்ற மூன்று மாதம் அலைந்தேன். மாற்றியதும், விட்டுப்போன இரண்டு பேர் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். மைதானத்துக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அரசு வேலை கிடைக்கும் என்று சொன்னால் மகள் தொடர்வாளா? (ஒரு அப்பா, சத்துவாச்சாரி)

அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது உண்மைதான் சார். அது உங்களைச் சம்மதிக்க வைக்கும். காலை ஐந்தரைக்கு அவளை எழுப்பாது. உங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கினார். அதைக் கேட்டு வருகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் தங்குவதற்குக் காரணம் வேறு. பெண்கள் தூக்கும் இரும்புக் கம்பி (பார்), எடைத்தட்டு எதுவும் மாட்டாமலே 15 கிலோ. ஒரு பிள்ளை முதல் வாரம் அதையே தலைக்கு மேல் கொண்டுபோக முடியாமல் அழுதது. அன்றன்று தூக்கியதைச் சாக்பீஸால் சுவரில் எழுதிவைக்கும்: 15, 15, 17, 20. வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி அவரிடம் சண்டைக்கே போய்விட்டது!

திட்டினால்தான் பையன்கள் கேட்கிறார்கள். பெண்களிடமும் அப்படியே நடக்கலாமா? (இளம் பயிற்சியாளர், காட்பாடி)

பையன்களுக்கும் வலிக்கும் தம்பி, வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். எல்லார் முன்னாலும் ஒரு தடவை உடம்பைக் கிண்டல் செய்தால் போதும், மறுநாள் அவள் வரமாட்டாள். "முழங்காலை உள்ளே விடாதே" என்று தப்பை மட்டும் சொல். வார்ம்அப்பில் என்ன செய்யலாம் என்பதை அவர்களையே முடிவுசெய்ய விடு.

பத்தாவதுக்கு ஒரு வருடம் நிறுத்தட்டுமா?

வேண்டாம். நின்றவர்கள் திரும்புவது அபூர்வம். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் போதும்.

வெயிலில் கறுத்துவிடுவேன் என்று பாட்டி திட்டுகிறார் மிஸ். (15 வயது, ஆற்காடு)

நம்ம ஊர் வெயிலுக்கு வாசலில் துணி காயப்போட்டாலே கறுப்போம் கண்ணு. அடுத்த மேட்சுக்குப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வா. தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்து, கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வை.