கூட்டத்தில் எழுந்தாலே நடுக்கம்

கேள்வி: எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். கூட்டத்தில் எழுந்தாலே கால் நடுங்குகிறது. என்ன செய்ய, அக்கா?
- வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, எனக்கும் நடுங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, திருகோணமலையில் ஒரு முகாமில் நிவாரணப் பட்டியல் எழுதினேன். ஒரு ஆச்சியின் பெயரை விட்டுவிட்டேன். அவருக்கு அரிசி கிடைக்கவில்லை. மறைக்கத்தான் மனம் சொன்னது. மறுநாள் எல்லோர் முன்னிலும் "பிழை என்னுடையது" என்றேன். குரல் உடைந்துவிட்டது. ஆச்சி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கூட்டம் தொடங்கியதும் முதலில் கணக்கைத்தான் வாசிப்பேன், சதம் விடாமல். அப்புறம், பின்வரிசையில் பேசாமல் இருப்பவரிடம் கருத்துக் கேட்பேன். நீங்களும் கணக்குக் கொப்பியோடு எழும்புங்கள். இரண்டு வரி வாசித்ததும் குரல் வந்துவிடும்.