எந்த மணிமுத்தாறு?

கேள்வி: ‘மணிமுத்தாறு அணை நிரம்பியது, கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை’ என்று டிவியில் ஓடியது. விருத்தாசலத்தில் எங்கள் சம்பந்தி வீட்டார் ராத்திரியோடு ராத்திரியாக அரிசி மூட்டை, பீரோ எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கடைசியில் ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் வரவில்லை. இப்படிப் பீதி கிளப்புகிறவர்களை என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: செய்தி சரிதான். ஆறுதான் உங்கள் சம்பந்தியுடையது இல்லை. அது திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறு. தாமிரபரணியில் கலந்து புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் விருத்தாசலத்துக்கு வர வேண்டுமானால் லாரியில்தான் வர வேண்டும்! மாவட்டப் பெயரைப் போடாமல் செய்தி ஓட்டியவர்களை வேண்டுமானால் திட்டிக்கொள்ளுங்கள்.

விருத்தகிரீஸ்வரர் கோயில் பக்கம் ஓடும் மணிமுத்தாறு கல்வராயன் மலையிலிருந்து வருவது. அதன் அணை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அரசு அறிவிப்பில் ‘மணிமுக்தா அணை’ என்று வரும். அவசரத்தில் கேட்கிற காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் அடிக்கணக்கைக் கவனியுங்கள். நெல்லை அணையின் முழு உயரம் 118 அடி, மணிமுக்தா 36 அடி. நீர்மட்டம் 110 அடி என்றால் சம்பந்தி தூங்கலாம். 34 அடி, எச்சரிக்கை என்றால் பீரோவைத் தூக்கத்தான் வேண்டும். கோமுகி அணையையும் (46 அடி) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் தண்ணீரும் விருத்தாசலத்துக்கு மேலேயே இந்த ஆற்றில் வந்து விழுகிறது. மணிமுக்தாவில் இடம் இருந்தாலும் கோமுகியைத் திறந்தால் ஊருக்குள் ஆறு ஏறும்.

வெள்ளாறும் இரண்டு. சேத்தியாத்தோப்பு தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்வது நம்முடையது. மற்றது புதுக்கோட்டைச் சீமையில் ஓடி மணமேல்குடிப் பக்கம் போய்விடும். புதுவை வில்லியனூர்க்காரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. சங்கராபரணிக்கு வராக நதி என்றும் பெயர், பெரியகுளத்து ஆற்றுக்கும் அதே பெயர். சோத்துப்பாறை அணை என்றால் தேனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீடூர் அணை என்றால் வில்லியனூர் விழித்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் விஷயம். கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து கிழக்கே வரும் பெண்ணையாறுகளும் இரண்டு. சோமசீலா அணை திறப்பு என்றால் வெள்ளம் நெல்லூருக்கு, சாத்தனூர் என்றால் கடலூருக்கு. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தபோது கடலூர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். சம்பந்திக்கு மிச்சம் முதுகுவலிதான். ‘அது வேறு பெண்ணையாறு’ என்று அன்றைக்கு யாராவது படுத்திருந்தால்? குழப்பம் என்றால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ அழைத்து, ஆற்றின் பெயரைச் சொல்லாமல், எந்த அணையில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.