அகலமா, முறுக்கா: நமீபியா கூடூ கொம்பு பற்றி

நமீபியாவில் நீங்கள் பார்த்த இரண்டு கூடூக்களில் (முறுக்குக் கொம்புள்ள பெரிய ஆப்பிரிக்க மான் வகை), கொம்பு அகலமாக விரிந்ததையா, குறுகி ஆழமாக முறுக்கியதையா வேட்டைக்குத் தேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அளவுதான் குறி என்றால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். வேட்டைக் கொம்புகளின் அளவைப் பதியும் ரோலண்ட் வார்டு பதிவேட்டின் முறையில் அளவுநாடா முறுக்கின் மேட்டை ஒட்டியே ஓடுகிறது. முறுக்கு எவ்வளவு வெளியே வளைந்து உள்ளே திரும்புகிறதோ, அவ்வளவு நீளம் அதில் ஒளிந்திருக்கும். அகன்ற கொம்பு முன்னிருந்து பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் அந்த விரிவுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி வகைக் கூடூ அந்தப் பதிவேட்டில் இடம்பெறக் குறைந்தபட்ச நீளம் 53⅞ அங்குலம். எஸ்.சி.ஐ. (சஃபாரி கிளப் இன்டர்நேஷனல் என்ற வேட்டையாளர் அமைப்பு) முறையோ இரு கொம்புகளின் நீளத்துடன் அடிச்சுற்றளவையும் கூட்டுகிறது, ஆகவே அடி பருத்த ஆணுக்கு அங்கே சாதகம்.

ஆனால் அளவுக்கு முன் வயதைப் பாருங்கள், இதை வற்புறுத்தியே சொல்கிறேன். இரண்டரை முறுக்கு நிறைய ஏறக்குறைய ஆறு வயதாகிவிடும். நுனிகள் இன்னும் உள்நோக்கியோ நேர் மேலாகவோ நின்றால் அது வளரும் ஆண், விட்டுவிடுங்கள். நுனி வெளிப்புறம் திரும்பி முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள், முறுக்கின் ஆழம் அங்கிருந்துதான் சரியாகத் தெரியும்.

நுனி தேய்ந்து மழுங்கிய கிழ ஆண் அளவில் இரண்டு மூன்று அங்குலம் குறையலாம். எனக்கு அதுவே உயர்ந்த கொம்பு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நீங்கள் சொன்ன இரண்டையும் விட்டுவிட்டு அதையே தேர்ந்தெடுங்கள்.