சென்னையில் ஏரியை ஒட்டிய காட்டுக்குள் ஒரு சுற்று நடந்து வர இடம் இருக்கிறதா? வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

இருக்கிறது. "சென்னையில் காடா?" என்று சிரித்துவிட்டுக் கொடைக்கானலுக்கு டிக்கெட் போடச் சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதால்தான் எழுதுகிறேன். அந்தக் கொடைக்கானல் ஏரியே 1863இல் லெவிஞ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி கரை கட்டி உண்டாக்கியதுதான். அதைச் சுற்றி இருப்பதும் தார் ரோடு, குதிரைச் சாணம். சரி, அது கிடக்கட்டும்.

நீங்கள் கேட்பதற்குக் கிட்டத்தட்ட பொருந்துவது நன்மங்கலம் காப்புக்காடு. வேளச்சேரி–தாம்பரம் சாலையில், மேடவாக்கம் தாண்டி இருக்கிறது. ஏறக்குறைய 320 ஹெக்டேர். உள்ளே இருப்பது ஏரி இல்லை, எப்போதோ கல் வெட்டி எடுத்த பள்ளங்களில் தேங்கிய மழைத்தண்ணீர். காடும் வானுயர்ந்த மரமெல்லாம் இல்லை. பெரும்பாலும் இடுப்பளவு, ஆளளவு முட்புதர்தான், நடுநடுவே கொஞ்சம் மரம். படம் எடுத்துப் போட்டால் லைக் விழாது. இந்தக் கடலோரத்துக்கே உரிய காடு இதுதான் என்பது என் கட்சி.

போன தை மாதம் அப்பாவோடு போனேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மதுராந்தகம் பக்கம் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்காத மனிதர், அங்கே எனக்கு முன்னால் நடந்தார். ஓரிடத்தில் என் சட்டை முள்ளில் மாட்டியது. நான் இழுக்கப் போனேன். "இழுக்காதடா, கிழிஞ்சிடும். ஒரு அடி பின்னால வா" என்றார். வந்தேன், தானாக விட்டுவிட்டது. அது சூரைச் செடி, அதன் முள் கொக்கி மாதிரி பின்பக்கம் வளைந்திருக்குமாம். அடியில் உதிர்ந்து கிடந்த கறுப்புப் பழம் ஒன்றைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "மாடு மேய்க்கிறப்போ மத்தியானச் சாப்பாடே இதுதான்" என்றார். (உதிர்ந்ததைத்தான் எடுத்தார், பறிக்கவில்லை. வன ஆர்வலர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

வெட்டுப்பாறைச் சுவரில் ஒரு திட்டுக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளைக் கோடு. எச்சம். அண்ணாந்து பார்த்தால் பாறை நிறத்திலேயே ஒரு கொம்பன் ஆந்தை, ஆரஞ்சுக் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு. பறவை பார்ப்பவர்கள் நன்மங்கலத்துக்கு வருவதே இதற்காகத்தான். அப்பா அதைவிட, கீழே கிடந்த ஓர் உருண்டையைக் குச்சியால் கிளறிப் பார்ப்பதில் குறியாக இருந்தார். உள்ளே எலி முடி, ஊசி ஊசியாக எலும்பு. செரிக்காததை ஆந்தை அப்படித்தான் கக்கிவிடும். குட்டையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, போன வழியைத் தொடாமலே வெளியே வந்துவிட்டோம்.

காட்டைப் பற்றிச் சொல்லும்போதே வேறொன்று நினைவுக்கு வந்து எரிச்சல் வருகிறது. எங்கள் அபார்ட்மெண்டில் நன்றாக நிழல் கொடுத்துக்கொண்டிருந்த புங்க மரத்தை, பூ கொட்டிக் கார் அழுக்காகிறது என்று அசோசியேஷன் வெட்டித் தள்ளியது. நான் ஆட்சேபித்தேன், ஓட்டெடுப்பில் தோற்றேன். அதே ஆட்கள் இப்போது 'இயற்கை நடை' என்று டீ-ஷர்ட் அடித்து, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, ப்ளூடூத் ஸ்பீக்கரோடு கிளம்புகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோருக்கு முட்டிவலி என்றால் நன்மங்கலம் வேண்டாம். பாதை கரடுமுரடு, உட்கார இடமில்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி 2021இல் திறந்த சூழல் பூங்காவுக்குப் போங்கள். சமதளப் பாதை, தண்ணீர் ஓரமாகவே நடக்கலாம், நாரையும் நாமக்கோழியும் கண்ணெதிரே மேயும். நிழல்தான் குறைவு, குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்மங்கலம்தான் என்றால், உள்ளே விடுகிறார்களா, எத்தனை மணிக்கு என்று முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். காப்புக்காடு அது, நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. மார்கழி, தை, மாசி நல்லது. சித்திரை, வைகாசியில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பாட்டில் உடைசல் கிடக்கும். முக்கியமாக, குட்டையில் யாரையும் இறங்க விடாதீர்கள். கல்குவாரிப் பள்ளத்துக்குச் சரிவு கிடையாது, கரையிலிருந்து ஒரு அடி வைத்தாலே ஆள் ஆழம். சென்னையைச் சுற்றி இப்படிப்பட்ட குட்டைகளில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி அடிக்கடி வருகிறது.