பழைய செஸ்னாவை வாங்கி நானே சரிசெய்தால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்தமாக விமானம் ஓட்ட வேண்டும் என்பது சிறு வயது ஆசை. நாலு சிலிண்டர் இன்ஜினும் அலுமினியத் தகடும்தானே, ஏன் கோடிக்கணக்கில் விலை? பழையது ஒன்றை வாங்கி நானே சரிசெய்தால் கட்டுப்படியாகுமா?

பதில்: வாங்கிவிடலாம், வைத்திருப்பதுதான் சிரமம்.

முதலில் விலை. அமெரிக்காவில் 1978இல் ஏறக்குறைய 17,800 சிறு விமானங்கள் தயாராயின. 1994இல் வெறும் 928. இடையில் நடந்த விபத்து வழக்குகளால் காப்பீட்டுச் செலவு ஏறி, 1986இல் செஸ்னா நிறுவனம் பிஸ்டன் இன்ஜின் விமானத் தயாரிப்பையே நிறுத்தியது. விமானம் விற்று 18 ஆண்டு ஆனபின் தயாரித்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று வரம்பு வைத்து 1994இல் சட்டம் வந்தபின்தான் செஸ்னாவின் நாலு இருக்கை விமானமான 172 திரும்பி வந்தது. ஆனால் அந்தப் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. சோதனை, சான்றிதழ், வழக்கு பயம் எல்லாம் கொஞ்சம் விமானங்களின் தலையில் விழுகின்றன. புதிய 172 இன்று 4 லட்சம் டாலருக்கு மேல். சொந்த உபயோக விமானத்துக்கு இங்கே 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம்.

சரி, பழையதை நீங்களே பழுதுபார்த்தால்? உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திடாமல் விமானம் பறக்க முடியாது. நீங்கள் லேத்தில் கடைந்த புஷ் அளவில் அச்சு அசலாக இருந்தாலும், சான்று இல்லாத பாகத்தை அவர் ஏற்கமாட்டார். அது சரியும்கூட; நடுக்கடலில் இன்ஜின் நின்றால் படகு மிதக்கும்.

அடுத்தது காலக்கெடு. பலர் கவனிக்காத செலவு இதுதான். 172இல் வரும் லைகாமிங் இன்ஜினுக்கு 2000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது நிறுவனம். வருடம் 50 மணி நேரம் பறந்தால் 12 ஆண்டில் 600 மணிதான் ஆகியிருக்கும். மீதி 1400 மணிக்கும் பணம் கொடுத்துவிட்டு, பறக்காமல் விடுகிறீர்கள்.

அதனால்தான் கூட்டாக வாங்கச் சொல்கிறேன். ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, காப்பீடு, வருடாந்திரத் தகுதிச் சான்று எல்லாம் சேர்ந்து வருடம் 6 லட்சம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தனியாக 50 மணி நேரம் பறந்தால் மணிக்கு 12,000. நாலு பேர் சேர்ந்து 200 மணி பறந்தால் மணிக்கு 3,000. எரிபொருள் தனி. ஹேங்கரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 2011இல் தானே புயல் நம் கரையில் என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் போட்ட மைக்ரோலைட், அதாவது எடை மிகக் குறைந்த குட்டி விமானம், மலிவு; பங்க் பெட்ரோலிலேயே ஓடும் என்பார்கள். அந்த இன்ஜினுக்கு அனுமதி 10 சதவீத எத்தனால் வரைதான். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். ஏவ்கேஸ் எனும் விமானப் பெட்ரோலை ஊற்றலாம், 2022 முதல் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. ஆனால் அதிலுள்ள ஈயம் படிவதால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும்.

சென்னைக்குப் போய்வர என்று வாங்காதீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையம் போய், சோதனை முடித்து, சென்னையில் இறங்கி மறுபடி கார் பிடிப்பதற்குள் ஈசிஆரிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். பறக்கும் ஆசைக்காக என்றால் தாராளமாக இறங்குங்கள். முதலில் மருத்துவத் தகுதியும் தனியார் பைலட் உரிமமும் எடுங்கள்; குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் வேண்டும். அதற்குள் மற்ற மூவர் கிடைத்துவிடுவார்கள்.

அப்புறம், பழைய விமானத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பறந்த நேரமும் பராமரிப்பும் பதிந்திருக்கும் லாக் புத்தகத்தைப் புரட்டுங்கள். குறைவாகப் பறந்தது என்று மகிழ வேண்டாம். லைகாமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் மேலே இருப்பதால், மாதக்கணக்கில் நின்றால் ஆயில் வழிந்து துரு ஏறும். ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.