குர்ட் கெரோன்: கடைசிப் படத்துக்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

தெரேசியன்ஸ்டாட் யூத முகாமைப் பற்றி நாஜிகள் எடுத்த பிரசாரப் படத்தின் துண்டுகளை யூடியூபில் பார்த்தேன். கைதிகள் கால்பந்து ஆடுகிறார்கள், நூலகத்தில் படிக்கிறார்கள். அத்தனையும் பொய். இயக்கியவர் குர்ட் கெரோன் என்ற யூத நடிகராம். சொந்த மக்களைக் காட்டிக்கொடுத்தவரை எப்படிக் கலைஞர் என்பது?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கெரோனின் வாழ்க்கையை நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துவிட்டீர்கள். கொஞ்சம் முன்னால் போவோம்.

1928, ஆகஸ்ட் 31. பெர்லினில் நாடகாசிரியர் பிரெக்ட்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் உருவாக்கிய 'மூன்று காசு ஓபரா' என்ற இசை நாடகத்தின் முதல் நாள். தெருப்பாடகர் வேடத்தில் ஒரு பருத்த மனிதர் இசைப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றுகிறார். சத்தமே வரவில்லை. முதல் சரணத்தை இசை இல்லாமலே பாடினார் என்பார்கள். பிற்பாடு 'மேக் தி நைஃப்' என்று உலகமே பாடிய பாட்டு அது. மேடையில் அதை முதலில் பாடியவர் கெரோன். அதே நாடகத்தில் போலீஸ் அதிகாரி பிரவுனும் அவர்தான்.

முதல் உலகப் போரில் காயம்பட்டவர். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு நடிக்க வந்தார். 'நீல தேவதை' (1930) படத்தை எல்லோரும் மார்லின் டீட்ரிச்சுக்காகப் பார்ப்பார்கள். நீங்கள் அதில் மந்திரவாதியாக வரும் கெரோனைப் பாருங்கள். கோமாளியாக நிற்கும் பேராசிரியரின் தலையில், அவருடைய சொந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே முட்டையை உடைத்து, சேவல் மாதிரி கூவச் சொல்வார். சபைக்கு ஒரு சிரிப்பு, பேராசிரியருக்கு ஓர் அதட்டல். இரண்டும் ஒரே முகத்தில் மாறி மாறி வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். பேராசிரியராக நடித்த எமில் யானிங்ஸை நாஜி அரசு பின்னாளில் கௌரவித்தது. கெரோனையோ 1933 ஏப்ரல் 1 அன்று, யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நாஜிகள் அறிவித்த நாளில், அவரே இயக்கிக்கொண்டிருந்த படத்தின் தளத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள்.

பாரிஸ், வியன்னா, பிறகு ஹாலந்து. 1940-ல் ஜெர்மன் ராணுவம் அங்கேயும் வந்துவிட்டது. அதே ஆண்டு வந்த 'நித்திய யூதன்' என்ற வெறுப்புப் படத்தில் அவருடைய பழைய காட்சிகளை வெட்டிச் சேர்த்திருந்தார்கள். 1944 தொடக்கத்தில் தெரேசியன்ஸ்டாட். அங்கே 'கருசெல்' என்ற பெயரில் கைதிகளுக்காகப் பாட்டும் நகைச்சுவையுமாக நிகழ்ச்சி நடத்தினார்.

நீங்கள் பார்த்த படம் அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்தது. உத்தரவு நாஜிகளின் எஸ்.எஸ். படையுடையது. கேமராக்காரர்கள் வெளியிலிருந்து வந்த செக் செய்திப்பட நிறுவனத்தார். படத்தொகுப்பும் கெரோன் கையில் இல்லை. இதில் எதை வைத்து அவரை இயக்குநர் என்கிறோம்? முகாமிலேயே அவர்மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. வீட்டில் உட்கார்ந்து யூடியூபில் பார்க்கும் உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை.

அக்டோபர் 28-ஆம் தேதி தெரேசியன்ஸ்டாட்டிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கடைசி ரயில் புறப்பட்டது. அதில் கெரோனையும் அவர் மனைவியையும் ஏற்றினார்கள். இருவரும் அங்கே கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் அங்கே விஷவாயுக் கூடங்கள் நிறுத்தப்பட்டன. படம் முடிந்தது 1945-ல்தான். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

1930-ல் டெலிஃபுங்கன் வெளியிட்ட இசைத்தட்டில் அந்தத் தெருப்பாடகன் பாட்டை கெரோன் பாடியிருக்கிறார். கேளுங்கள். அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்கள்.